புறா இல்லை என்று சொன்னேன்

என் நுரையீரலைக் கெடுத்தவை புறாக்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் சொந்தக்காரர்கள் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரிகிறது. அணு ஆராய்ச்சி நடக்கிற வளாகத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவனுக்கு இன்னும் கொஞ்சம் கௌரவமான காரணம் கிடைத்திருக்க வேண்டாமா என்று நினைக்கிறார்கள். நான் பார்த்த வேலை கடல்நீரை உறிஞ்சும் பம்புகளோடுதான். ஷிப்டில் எனக்கு வந்த பெரிய அபாயம், ஜெல்லிபோன்ற சொறிமீன்கள் கூட்டமாக வந்து சல்லடையை அடைத்துக்கொள்வது. அணுவைப் பற்றி எனக்கும் என் மாமனாருக்கும் தெரிந்தது ஒரே அளவு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் காய்ச்சல் வருகிற இன்னொருவர் எங்காவது இருக்கலாம். அவருக்காக இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. சதுரங்கப்பட்டினம் பக்கத்து டவுன்ஷிப்பில் தரைத்தளக் குவார்ட்டர்ஸ், பின்னால் ஒரு முருங்கை, துணிக்கொடி, இருபதடி மணல். கேன்டீனில் கழித்துக்கட்டிய குழித்தட்டு ஒன்றை வாங்கி வந்து நான்கு மூலையிலும் கம்பி கட்டி ஜன்னலுக்கு எதிரே தொங்கவிட்டேன். ஒரு குழியில் கம்பு, ஒன்றில் நொய், ஒன்றில் செய்யூரிலிருந்து அண்ணன் கொடுத்தனுப்பும் வேர்க்கடலை, பெரிய குழியில் தண்ணீர். முதலில் வந்தது காக்கை. அது எங்கேயும் முதலில் வரும். பிறகு மைனாக்கள். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாக வந்து, யாரோ சொத்தைப் பிரித்துக்கொடுக்காமல் ஏமாற்றிவிட்ட மாதிரி கத்திக்கொண்டே சாப்பிடும். கிளி கடலையை ஒரு காலால் எடுத்து, பாதி தின்று, மீதியைக் கீழே போடும். கீழே அணில் காத்திருக்கும். சிட்டுக்குருவிக்கு நொய். எல்லாம் ஒழுங்காக நடந்தது.

ஷிப்ட் வேலை பார்த்தவனுக்கு எதையும் நோட்டில் எழுதாமல் இருக்க வராது. ஜன்னல் மேல் ஒரு நோட்டு வைத்தேன். நேரம், வந்தவர், எண்ணிக்கை, குறிப்பு. காலை ஆறு பத்து, மைனா, நான்கு, ஒன்றுக்கு வலது கால் நொண்டல். ஷிப்ட் முடித்துப் போகிறவன் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்து வருகிறவனும் போட வேண்டும். அடுத்து வருகிறவர் என் மனைவி ராஜாத்தி. ஒரு நாள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ‘தோசை ஆறிப்போச்சு’ என்று எழுதியிருந்தாள்.

புறாக்கள் கடைசியாகத்தான் வந்தன. மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் குடியிருந்த மாடப்புறாக்கள் முதலில் இரண்டு, பிறகு எட்டு, ஒரு வருடத்தில் முப்பதுக்கு மேல். தட்டில் இடம் போதாமல் ஜன்னலுக்கு மேலிருந்த சன்ஷேடில் குடியேறின. அங்கேயே கூடு, முட்டை, குஞ்சு, எச்சம்.

இங்கே டவுன்ஷிப் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குவார்ட்டர்ஸில் ஆடு, மாடு, கோழி, புறா எதுவும் வளர்க்கக் கூடாது. வருடத்துக்கு இரண்டு முறை எஸ்டேட் பிரிவிலிருந்து ஒருவர் கையில் படிவத்தோடு வருவார். “ஏதாவது வளர்க்...” என்று ஆரம்பிக்கும்போதே குடியிருப்பவர் “இல்லை” என்று சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டில் “இல்லை” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே குளியலறைக்குள் சேவல் கூவியது. வந்தவர் படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அவர் பெயர் மாசிலாமணி, புதுப்பட்டினத்துக்காரர், நல்ல மனிதர். இத்தனை வருடப் பழக்கத்தில், பேனாவும் படிவமும் வைத்துக்கொண்டு யார் என்ன கேட்டாலும் எங்கள் வாயில் முதலில் ‘இல்லை’தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டை இறக்கி, காய்ந்த எச்சத்தைக் கரண்டியால் சுரண்டித் தட்டுவேன். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, சன்ஷேடை விளக்குமாற்றால் பெருக்குவேன். வெள்ளைப் பொடி பறக்கும். அன்று சாயங்காலம் நான்கு, ஐந்து மணிக்கு உடம்பு நடுங்கும். காய்ச்சல், வறட்டு இருமல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி ஒரு கனம். செவ்வாய்க்கிழமை சரியாகிவிடும். திங்கட்கிழமை டிஸ்பென்சரியில் மாத்திரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, வைரஸ் என்றார்கள். எல்லா வைரஸும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவது எனக்கு விசித்திரமாகப் படவில்லை.

நான்கைந்து மாதத்தில் காய்ச்சல் விட்டாலும் மூச்சுவாங்கல் விடாமல் தங்கிவிட்டது. பம்பு ஹவுஸில் முப்பத்தெட்டுப் படி. பாதியில் நின்று பிரஷர் கேஜைப் பார்ப்பதுபோல நடிப்பேன். அந்த இடத்தில் கேஜ் எதுவும் கிடையாது. கூட வேலை செய்தவர்கள் கேட்கவில்லை. ஆறு கிலோ இளைத்தேன்.

இனி என் பயத்தைப் பற்றி. நான் பயந்தால் முறையாகப் பயப்படுவேன். முதலில் காசநோய் என்று முடிவு செய்து எனக்கென்று தனி டம்ளர் வைத்துக்கொண்டேன். இரண்டு வாரத்தில் அதை இதயத்துக்கு மாற்றினேன். அதன் பிறகு புற்றுநோயில் நிலைத்தேன். கதிர்வீச்சாக இருக்குமோ என்று, உடம்பில் படும் கதிரை அளக்கிற பேட்ஜ் பிரிவுக்குப் போய் என் கணக்கைப் பார்க்கச் சொன்னேன். அங்கிருந்தவர் லெட்ஜரை இரண்டு முறை புரட்டிவிட்டு, “தயாளன் சார், உங்களுக்கு பேட்ஜே கெடையாதே” என்றார். அதற்கும் பயந்தேன்.

நான் போன பிறகு ராஜாத்தி தடுமாறக் கூடாதே என்று ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். கேஸ் புத்தகம் எங்கே, மோட்டாரை எப்படிப் போடுவது, தட்டில் எந்தக் குழியில் எதைப் போட வேண்டும். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே படித்தாள்.

“கேஸ் புக்கு பீரோல இல்ல. அரிசி டப்பா மேல கீது. ரெண்டு வருஷமா அங்கதான் கீது.”

“மாத்திடறேன்.”

“இன்னாங்க, நீங்க போனா இந்த வூட்ல எது எங்க கீதுன்னு எனக்குத் தெரியும். நான் போனா உங்களுக்கு உப்பு எங்கன்னு தெரியாது. நான்தான் எழுதி வெக்கணும். வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

செங்கல்பட்டில் ரயில் சத்தம் கேட்கிற ஒரு தனியார் மருத்துவமனை. மாடியில் நெஞ்சு நோய் வார்டு. என்னைப் பார்த்த டாக்டர் இளம்வயதுப் பெண். மெதுவாகப் பேசுவார், எதையும் இரண்டு முறை கேட்பார். அச்சடித்த தாள் ஒன்றை அட்டையில் வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். சிகரெட்? இல்லை. பஞ்சாலை, மரம் அறுக்கிற வேலை? இல்லை.

“வீட்டுல பிராணி, பறவை ஏதாவது வளர்க்கறீங்களா?”

“இல்லை,” என்றேன்.

“இல்லீங்க,” என்றாள் ராஜாத்தி, அதே மூச்சில்.

நாங்கள் திட்டமிட்டுப் பொய் சொல்லவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. டாக்டர் பேனாவால் ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு எனக்கு இன்னும் இரண்டு வாரத்தை வாங்கிக்கொண்டது.

எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் மங்கலாக இருந்தன. பஸ் ஜன்னல் கண்ணாடியில் மூச்சுவிட்டால் படியுமே, அப்படி. மூன்று நாள் காலையில் சளி கொடுக்கச் சொன்னார்கள். வறட்டு இருமல்காரனிடம் சளி கேட்பது கோடையில் ஏரியிடம் தண்ணீர் கேட்பதுதான். எப்படியோ கொடுத்தேன், காசநோய் இல்லை என்று வந்தது. பிறகு ஊதும் சோதனை. குழாயை வாயில் வைத்து, உள்ளே இருக்கும் காற்று அத்தனையையும் ஒரே மூச்சில் வெளியே தள்ள வேண்டும். இயந்திரம் ஒரு கோடு வரையும். ஊத வைத்தவர், “இன்னும், இன்னும், இன்னும்” என்று உற்சாகப்படுத்தினார். முடித்ததும், “இவ்ளோதானா சார்?” என்றார். என் வயதும் உயரமும் உள்ளவன் ஊத வேண்டியதில் பாதிக்குச் சற்று மேல்.

பக்கத்துக் கட்டிலில் பாபு என்ற லாரி டிரைவர், ஆஸ்துமா. மூன்றாவது நாள் என்னைப் பார்த்து, “அண்ணாத்த, வந்தப்போ நீ இருந்த இருப்புக்கு, ஜன்னல் பக்கம் கீற உன் கட்டில புடிச்சிக்கலாம்னு ப்ளான் பண்ணிக்கினு இருந்தேன்” என்றான். “இன்னா இப்டி தேறிட்ட?”

உண்மையில் தேறிவிட்டேன். நான்காம் நாள் காய்ச்சல் இல்லை. ஆறாம் நாள் மாடிப்படி ஏறி இறங்கினேன். கையில் ஏறிக்கொண்டிருந்த கிருமிக்கொல்லி மருந்துதான் காப்பாற்றியது என்று எல்லோரும் நம்பினோம். நர்ஸிலிருந்து கூட்டுகிற அம்மா வரை அனைவருக்கும் கை கூப்பிவிட்டு வீடு திரும்பினேன்.

வீட்டில் பதினொரு நாள் எச்சம் காத்திருந்தது. ராஜாத்தி தவறாமல் தீனி போட்டிருந்தாள். கழுவுவது அவள் ஷிப்டில் இல்லை. புதுப்பிறவி எடுத்த சந்தோஷத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் சுரண்டினேன், தட்டினேன், பெருக்கினேன். குறிப்பு: ‘தட்டு சுத்தம். சன்ஷேட் முழுவதும் சுத்தம். புறா முப்பத்தாறு.’ மதியம் நன்றாகச் சாப்பிட்டேன். நான்கரை மணிக்கு நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. உதடு நீலமாக இருப்பதாக ராஜாத்தி சொன்னாள். திருக்கழுக்குன்றம் வழியாக ஆம்புலன்ஸில் போனபோது நகைச்சுவையாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று முயன்றேன். ஒரு வாக்கியத்துக்குத் தேவையான காற்று என்னிடம் இல்லை.

பாபு இன்னும் அங்கேயே இருந்தான். ஜன்னல் பக்கக் கட்டில் இப்போது அவனுடையது.

இந்த முறை மூக்கில் ஆக்சிஜன் குழாய். டாக்டர் கட்டில் ஓரத்தில் நின்று, படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். “நுரையீரல் பஞ்சு மாதிரி சார். திரும்பத் திரும்ப இப்படிப் புண்ணானா, ஆறும்போது தழும்பாகி இறுகிடும். தேங்காய் நார் மாதிரி. நார் திரும்பப் பஞ்சாகாது. எதனால புண்ணாகுதுன்னு கண்டுபிடிச்சே ஆகணும்.” காரணம் தெரியாததால் மறுநாள் மூக்கு வழியாக விளக்கு பொருத்திய மெல்லிய குழாயை மூச்சுக்குழலுக்குள் விட்டு, கொஞ்சம் சதை எடுத்துப் பார்ப்பதாகச் சொன்னார். கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அன்றுதான் நான் நிஜமாகப் பயந்தேன். அதற்கு முன்னால் பட்ட பயமெல்லாம் எனக்கு ஒரு பொழுதுபோக்காக இருந்தது என்று அப்போது தெரிந்தது. நிஜப் பயத்தில் கற்பனையே ஓடாது. மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன், பம்பு ஓட்டத்தை எண்ணுவதுபோல.

மறுநாள் காலையில் மாசிலாமணி வந்தார். ஒரு பை சாத்துக்குடி, ஹார்லிக்ஸ் பாட்டில். டாக்டர் என் முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எஸ்டேட்டைப் பார்த்ததும் மூக்கில் குழாயோடு நிமிர்ந்து உட்கார்ந்தேன். பழக்கம்.

“படு அண்ணாத்த, படு,” என்றார். “இன்னா இப்டி எளச்சிட்ட. நேத்து உன் வூட்டு பக்கமாதான் வந்தேன். உன் புறாங்கல்லாம் கொடியில வரிசையா குந்திக்கினு ஜன்னலையே பாத்துகினு கீதுங்க. யாரு தீனி போட்றா இப்போ?”

என் முதுகிலிருந்த ஸ்டெதாஸ்கோப் நகரவில்லை.

“எந்தப் புறா?” என்றேன், இருந்த மூச்சில்.

“இன்னா அண்ணாத்த, எந்தப் புறான்ற. சன்ஷேடு பூரா எப்பப் பாத்தாலும் வெள்ளையடிச்சி வெக்குதுங்களே, அதுங்கதான். நான் இன்னா, எஸ்டேட்டாவா வந்துகீறேன்? லீவு போட்டுட்டு வந்துகீறேன்பா.”

டாக்டர் முன்னால் வந்து நின்றார். “எத்தனை புறா?”

“வளர்க்கல டாக்டர். அதுங்களா வருது.”

“எத்தனை வருது?”

நான் ராஜாத்தியைப் பார்த்தேன். அவள் சாத்துக்குடிப் பையைப் பார்த்தாள். பிறகு, “முப்பத்தாறு மேடம்,” என்றாள். “நோட்டுல எழுதி கீது.”

பக்கத்துக் கட்டிலில் பாபு சிரித்துச் சிரித்து இருமல் வந்து, நர்ஸ் அவனைக் கவனிக்க வேண்டியதாயிற்று.

விளக்குக் குழாய் தள்ளிவைக்கப்பட்டது. மாசிலாமணியின் ஸ்கூட்டரிலேயே ராஜாத்தி வீட்டுக்குப் போய் நோட்டையும் மாத்திரைச் சீட்டுகளையும் கொண்டுவந்தாள். டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து படித்தார். நொண்டி மைனாவைப் பற்றிப் படித்தபோது ஒரு முறை சிரித்தார். பிறகு ஒரு தாளில் இரண்டு வரிசையாக எழுத ஆரம்பித்தார். இடது பக்கம் ‘தட்டு சுத்தம்’ என்று நோட்டில் இருந்த ஞாயிறுகள். வலது பக்கம் நான் ஜுரத்துக்கு மாத்திரை வாங்கிய சீட்டுகளில் இருந்த திங்கள்கள். ஒன்றுகூடத் தவறவில்லை. இரண்டு மாதம் மழையில் நான் பெருக்காமல் விட்டதும் நோட்டில் இருந்தது. அந்த இரண்டு மாதமும் மாத்திரைச் சீட்டு இல்லை. ஆஸ்பத்திரியில் நான் தேறியது மருந்தாலா, புறா இல்லாததாலா என்று அவர் கேட்டார். பதிலை எதிர்பார்த்துக் கேட்ட மாதிரி இல்லை.

நோய் இதுதான். காய்ந்த புறா எச்சத்திலும் இறகுப் பொடியிலும் இருக்கும் சில புரதங்கள் மூச்சோடு உள்ளே போகின்றன. பெரும்பாலானவர்களை அவை ஒன்றும் செய்வதில்லை. சிலர் உடம்பு மட்டும் அவற்றை எதிரியாக எண்ணிச் சண்டைக்குப் போகிறது. சண்டை நடக்கும் இடம் நுரையீரல். பொடியை முகர்ந்த ஐந்தாறு மணி நேரத்தில் ஆரம்பிக்கும். புறா இருக்கும்வரை சண்டை ஓயாது; தழும்பு மிஞ்சும். கிருமி இல்லை, தொற்று இல்லை, அணு இல்லை. எனக்குத் தனி டம்ளர் தேவைப்படவில்லை.

ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீக்கத்தை அது அடக்கும், புறாவை விரட்டாது என்றார். தட்டு போக வேண்டும், கூடு போக வேண்டும், சன்ஷேடைத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும், அப்போது நான் ஊரிலேயே இருக்கக் கூடாது.

“மைனா?” என்றேன்.

“வேண்டாம்.”

“கிளி?”

“வேண்டாம் சார்.”

“தேன்சிட்டு. அது என் கட்டைவிரல் அளவுகூட இருக்காது டாக்டர். தீனிகூட நம்மகிட்ட வாங்காது.”

அவர் நோட்டை மூடி என் மடியில் வைத்தார். “படிவத்துல ஏற்கெனவே இல்லைன்னு சொல்லிட்டீங்க. இப்ப அதை உண்மையாக்கிட்டீங்கன்னா போதும்.”

இரண்டு வாரம் கூடுவாஞ்சேரியில் மாமனார் வீட்டில் கிடந்தேன். டவுன்ஷிப்பில் மாசிலாமணி இரண்டு ஆட்களையும் ஒரு தண்ணீர்க் குழாயையும் கொண்டுவந்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டு தானும் நின்று, சன்ஷேடைக் கழுவிக் கம்பி வலை அடித்தார். கூட்டில் குஞ்சு இருந்ததா என்று ராஜாத்தியிடம் கேட்டேன். “இல்ல” என்றாள், உடனே. எங்கள் வீட்டு ‘இல்லை’யின் மதிப்பு எனக்குத் தெரியும். மேலே கேட்கவில்லை.

ஸ்டீராய்டு மனிதனுக்குப் பசியையும் கன்னத்தையும் கொடுக்கிறது. கண்ணாடியில் யாரோ வசதியான ஆள் தெரிந்தார். அந்தக் கன்னத்தைப் பார்த்து ஊரில் எல்லோரும் எனக்குக் குணமாகிவிட்டதாக முடிவுகட்டினார்கள். ஊதும் இயந்திரம் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் மாதம் கோடு கொஞ்சம் ஏறியது. இரண்டாம் மாதம் அங்கேயே நின்றது. “இது இறுகிப்போன பகுதியா, இன்னும் ஆறாத பகுதியான்னு இப்ப சொல்ல முடியாது. பார்க்கலாம்,” என்றார் டாக்டர். அந்தப் ‘பார்க்கலாம்’ எனக்குப் பிடிக்கவில்லை. படுத்தால் இருமல், எழுந்தால் இருமல், குனிந்து செருப்புப் போட்டால் இருமல். வீட்டில் நான் எந்த அறையில் இருக்கிறேன் என்பதை ராஜாத்தி என் இருமலை வைத்தே தெரிந்துகொண்டாள்.

ஜன்னல் கண்ணாடி எப்போதும் சாத்தியே இருந்தது. புறாக்கள் ஒரு வாரம் கொடியில் வந்து உட்கார்ந்தன. இரண்டாம் வாரம் பாதி வந்தன. பிறகு தண்ணீர்த் தொட்டிக்கே போய்விட்டன. காக்கை மூன்றே நாளில் விஷயத்தைப் புரிந்துகொண்டது. இருபதடி மணலில் பார்க்க ஒன்றுமில்லாமல் போயிற்று. நோட்டில் எழுத ஒன்றுமில்லை. இருந்தாலும் ஓய்வு நாட்களில் காலையில் கண்ணாடிக்குப் பின்னால் போய் நிற்பேன். வேறு எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

நான்காவது மாதம் ஒரு காலை, மதில் ஓரத்துச் செடிகளுக்குள்ளிருந்து ஒரு செம்போத்து நடந்து வந்தது. கறுத்த உடம்பு, செங்கல் நிற இறக்கை, ரத்தச் சிவப்பில் கண். தட்டு தொங்கிய காலத்தில் அது ஒரு நாளும் வந்ததில்லை. அது தேடுவது வேறு. முதல்நாள் மழைக்கு ஈர மணலில் நத்தைகள் ஊர்ந்திருந்தன. ஒன்றைக் கவ்வி, முருங்கை வேரில் கிடந்த கல்லுக்குக் கொண்டுவந்து தட்டியது. ஓடு உடையவில்லை. திருப்பிப் போட்டுத் தட்டியது. என் ஜன்னலிலிருந்து நான்கடி. என் பக்கம் ஒரு முறை தலையைத் திருப்பி, சிவப்புக் கண்ணால் பார்த்து, என்னை ஒரு பொருட்டாக மதிக்காமல் வேலையைத் தொடர்ந்தது. நான் அசையவில்லை.

சமையலறையிலிருந்து ராஜாத்தி வேகமாக வந்தாள். கையில் கரண்டி, முகத்தில் ரத்தமே இல்லை.

“இன்னாங்க. இன்னாத்துக்கு சத்தத்தையே காணோம்?”

கையை மட்டும் உயர்த்தினேன். அவளும் பார்த்தாள். ஓடு உடைந்தது. செம்போத்து உள்ளே இருந்ததை எடுத்து விழுங்கிவிட்டு, வந்த வழியே செடிகளுக்குள் நடந்து போயிற்று. அதன் வால் மறைந்த பிறகுதான் இத்தனை நேரமும் நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது எனக்கே தெரிந்தது. விட்டேன். நீளமாகப் போயிற்று. நான் மறுபடி இழுத்தேன், இன்னும் ஆழமாக, அடிவரை.

இருமல் வரும் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம். அவள் கரண்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். வரவில்லை.

அடுப்பில் வெங்காயம் தீய்ந்துகொண்டிருந்தது. அதை முதலில் முகர்ந்தது நான்தான்.